காப்புப் பார்க்கிற கொண்டக்டர்

குறிகட்டுவானில் இருந்து யாழ்ப்பாணம் போகிற மினிபஸ்களில், காலை எட்டு மணிக்கு வெளிக்கிடுகிற பச்சை பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு ரிக்கற்றோடு இன்னொரு வசதியும் உண்டு. உங்கள் வங்கியின் பெயரைக் கொண்டக்டரிடம் சொன்னால், அது காப்புறுதி உள்ள வங்கியா இல்லையா என்று தன் போனில் பார்த்துச் சொல்லுவான். காசு கிடையாது. ஆனால் ஒரு ரிக்கற்றுக்கு ஒரு வங்கிதான். இரண்டாவது கேட்டால், "மற்றதை வரேக்கை கேளுங்கோ, அந்த ரிக்கற்றுக்குப் பாக்கிறன்" என்பான்.

கொண்டக்டரின் பெயர் சசிகரன். வயது நாற்பத்தொன்று. சரவணை ஊர் ஆள். மெலிந்த உடம்பு, ஆனால் குரல் மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். தாள்காசை நீட்டுக்கு மடித்து விரலிடுக்கில் செருகியிருப்பான். சட்டைப்பையில் இரண்டு பேனை இருக்கும், அதில் ஒன்று எழுதாது. அந்த எழுதாத பேனையை ஏன் கொண்டு திரிகிறாய் என்று கேட்டால், யாராவது இரவல் கேட்டால் கொடுக்க என்பான். அப்படிப்பட்ட ஆள்.

அவன் போனில் என்ன பார்க்கிறான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் வைப்புக் காப்புறுதி என்று ஒரு திட்டம் இருக்கிறது. அனுமதி பெற்ற வங்கிகளும் நிதிக் கொம்பனிகளும் அதற்குள் அடக்கம். அப்படிப்பட்ட ஒன்று விழுந்துபோனால், காசு போட்டவருக்குப் பதினொரு லட்சம் வரை திரும்பக் கிடைக்கும். யார் யார் திட்டத்துக்குள் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை வைத்து யாரோ ஒரு புண்ணியவான் தேடுகிற பக்கம் ஒன்று செய்து விட்டிருக்கிறான். பெயரை அடித்தால், இருக்கிறது அல்லது இல்லை என்று வரும். அவ்வளவுதான் சங்கதி. இதை யாரும் பார்க்கலாம். ஆனால் எட்டு மணி பஸ்ஸில் வருகிற சனத்துக்கு, சசிகரன் பார்த்துச் சொன்னால்தான் பார்த்தது மாதிரி.

இனி என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் விட்டால் கதை நடக்காது. நான் வைத்திலிங்கம். புங்குடுதீவு. முப்பத்தொரு வருஷம் கணிதம் படிப்பித்து, பிரதி அதிபராக இளைப்பாறினவன். இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூசன் வகுப்புக்காக ஒவ்வொரு நாளும் அந்தப் பஸ்ஸில் போய் வருகிறேன். இளைப்பாறியபோது கிடைத்த பதினாலு லட்சத்தையும், வட்டி கூடுதல் என்பதற்காக, வடசுடர் இன்வெஸ்ற்மென்ற் என்ற ஒரு கொம்பனியில் போட்டிருந்தேன். கூட்டு வட்டியை எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவனுக்கு, அந்த வட்டி வீதத்தைப் பார்த்ததும் புத்தி கொஞ்சம் தடுமாறித்தான் போனது.

இரண்டு வருஷமாகச் சசிகரனுக்கு இரண்டு கதிரை பின்னால் இருந்து போய் வந்திருக்கிறேன். ஊரில் உள்ளவர்களின் வங்கியெல்லாம் அவன் பார்த்துச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். என்னுடையதை ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு கணித ஆசிரியர், பஸ் கொண்டக்டரிடம் போய், என் காசு கவனமாக இருக்கிறதா என்று கேட்பதா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். பயத்துக்குக் கௌரவம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன். போன மாதம் வட்டி பன்னிரண்டு நாள் பிந்தி வந்தது. அன்றிலிருந்து வைப்புச் சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன், கேட்கவுமில்லை, போய் எடுக்கவுமில்லை.

சரி, சசிகரனிடம் திரும்புவோம்.

அவனுக்கு இந்தப் பழக்கம் வந்தது படிப்பினால் அல்ல, அடிபட்டு. ஒரு ஆட்டோ வாங்கிச் சொந்தமாக ஓட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மனைவி பவதாரணி தன் கைக்காப்பு நாலையும் கழற்றிக் கொடுத்தாள். அதை விற்ற காசு ஆட்டோவுக்குக் காணவில்லை. காணுமட்டும் வளரட்டும் என்று ஒரு கொம்பனியில் போட்டான். அந்தக் கொம்பனியின் கந்தோரில் பெரிய மீன்தொட்டி ஒன்று இருந்ததாம், அதைப் பார்த்துத்தான் நம்பினானாம். கடலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்து மீன்தொட்டியைப் பார்த்து ஏமாந்தவன் இவன் ஒருவனாகத்தான் இருக்கும். ஒருநாள் போய்ப் பார்த்தால் கந்தோர் பூட்டு. மீன்தொட்டியையும் கொண்டு போய்விட்டார்கள்.

பிறகுதான் யாரோ அவனுக்கு அந்தத் தேடுகிற பக்கத்தைக் காட்டினார்கள். வீட்டில் இருந்து அடித்துப் பார்த்தான். கொம்பனி இல்லை என்று வந்தது. பவதாரணி பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஓமோம், அவங்களுக்கும் காப்பு இல்லை, எனக்கும் காப்பு இல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன் சேர் என்று ஒருமுறை என்னிடம் சொன்னான்.

அந்தச் சொல்லை அவன் விடவில்லை. காப்புறுதி என்று யாரும் பஸ்ஸில் சொல்ல மாட்டார்கள், காப்பு என்றுதான் சொல்லுவார்கள். திட்டத்துக்குள் இருக்கிற வங்கி என்றால் "காப்பு இருக்கு". இல்லாவிட்டால் "வெறுங்கை". ஏறும்போதே, "சசி, இதுக்குக் காப்புக் கிடக்கோ பாரும்" என்று கேட்டுக்கொண்டு ஏறுவார்கள். இவனும் இறங்குகிற இடத்தைக் கூப்பிடுகிற அதே குரலில், அதே மூச்சில் பதில் சொல்லுவான். "வங்களாவடி இறங்கிறவை வாங்கோ, இலட்சுமிப்பிள்ளை அக்கா, உங்கடைக்குக் காப்பு இருக்கு, பின்னுக்குத் தள்ளி நில்லுங்கோ." காதும் காதும் வைத்த மாதிரி ஒரு அலுவல் செய்வது அவனுக்குத் தெரியாது. நான் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பு. எந்த வங்கி நல்லது, எதில் போடலாம் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டான். "எனக்கு உது தெரியாது. காப்பு இருக்கோ இல்லையோ, அதுதான் எனக்குத் தெரியும்." ஊரில் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆட்கள் குறைவு. அதனால்தான் சனம் அவனை நம்பியது என்று நினைக்கிறேன்.

அந்தத் தேடுகிற பக்கத்தில் ஒரு வில்லங்கமும் இருந்தது. அதில் பெயர்களைத் தமிழில் எழுதினவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் அல்ல. நாங்கள் ற போடுகிற இடத்தில் எல்லாம் அவர்கள் ட போட்டு வைத்திருந்தார்கள். எங்களுக்கு ரிக்கற், அவர்களுக்கு டிக்கட். எங்களுக்கு இன்வெஸ்ற்மென்ற், அவர்களுக்கு இன்வெஸ்ட்மென்ட். அந்தப் பக்கமோ ஓர் எழுத்து மாறினாலும் இல்லை என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லும்.

இது தெரியாமல் சரவணை மார்க்கண்டு அண்ணை பட்ட பாடு பெரிய பாடு. ஒரு ரிக்கற்றுக்கு ஒரு வங்கி என்ற சட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. பேரனின் போனில் தானே பார்க்கிறேன் என்று வெளிக்கிட்டு, தன் வங்கியின் பெயரைச் சுத்தமான யாழ்ப்பாண எழுத்தில் அடித்திருக்கிறார். எந்த வங்கி என்று நான் சொல்லவில்லை, நடுவில் ஒரு ட் வரும், அவ்வளவுதான். இல்லை என்று வந்தது. மனிசன் அன்று சோறு தின்னவில்லை. அடுத்தநாள் போய் நிலையான வைப்பை முறித்து, வட்டியையும் இழந்து, முழுக் காசையும் ஒரு பனையோலை உமலுக்குள் போட்டு, மேலே முருங்கைக்காய் வைத்து மூடிக்கொண்டு எங்கள் பஸ்ஸில் வந்தார். முருங்கைக்காய் எங்கள் தீவுகளில் விளையாததா? யாழ்ப்பாணத்தில் இருந்து முருங்கைக்காயோடு வருகிறாரே என்று சசிகரன் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. சசிகரன் ட போட்டு அடித்துக் காட்டினான். வங்கி கல்லுப்போல இருந்தது. மார்க்கண்டு அண்ணைக்கு அன்றிலிருந்து ட என்ற எழுத்தோடு கோபம்.

அதற்குப் பிறகு சசிகரன் எந்தப் பெயரையும் மூன்று விதமாக அடித்துப் பார்க்காமல் இல்லை என்று சொல்வதில்லை. முதலில் எங்கள் எழுத்து, பிறகு அவர்களின் எழுத்து, கடைசியில் ஆங்கிலம்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

நெடுந்தீவுப் படகில் வந்த மேரிசுகந்தி அன்று எங்கள் பஸ்ஸில் ஏறினாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இன்னாசித்தம்பிக்குச் சொந்தப் படகு இருக்கிறது. போன வருஷம் படகு இயந்திரம் பழுதாகிப் போனபோது, மேரிசுகந்தி தன் காப்பு நாலையும் யாழ்ப்பாணத்தில் அடைவு வைத்திருந்தாள். ஒரு வருஷமாக மீன் காயவைத்து விற்றுச் சேர்த்த காசோடு அன்று அதை மீட்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பெருநாள், வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவளுக்குப் பிடிவாதம். இதையெல்லாம் பக்கத்தில் இருந்த இலட்சுமிப்பிள்ளை அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். காசுப் பையைக் கமக்கட்டுக்குள் இறுக்கி வைத்திருந்தாள்.

எங்கே அடைவு வைத்தாள் என்றால், வடசுடரில். அங்கே நகையும் எடுப்பார்கள், என்னைப்போன்ற ஆட்களின் வைப்பும் எடுப்பார்கள்.

மேரிசுகந்தி மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தீவை விட்டு வெளிக்கிடுகிறவள். எங்கள் பஸ்ஸின் பாஷை அவளுக்குத் தெரியாது. முன்னுக்கு இருந்த ஒருவர், "தம்பி, என்ரைக்குக் காப்புக் கிடக்கோ?" என்று கேட்டதையும், சசிகரன் போனைப் பார்த்து, "கிடக்கு அண்ணை" என்றதையும் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனால் நம்பாமல் விடவும் இல்லை. இந்தக் காலத்தில் கனடாவில் பிறக்கிற பிள்ளையைப் பிறந்த உடனேயே போனில் பார்க்கிறோம். கொம்பனியின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற காப்பைப் பார்க்க ஏலாதா?

"தம்பி, வடசுடரிலை காப்பு இருக்கோ எண்டு ஒருக்காப் பாரும்" என்றாள்.

நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. பேப்பரைக் கீழே வைக்கவும் இல்லை, முகத்துக்கு நேரே பிடித்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு நெடுந்தீவுப் பெண் எனக்காகக் கேட்டுவிட்டாள்.

பஸ் கடலுக்குக் குறுக்கே போட்ட வாணர் தாம்போதியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல், காற்று பஸ்ஸைத் தள்ளுகிறது. போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சசிகரன் போனை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான்.

"வடசுடர் என்ன, அக்கா? முழுப் பேரைச் சொல்லுங்கோ."

"இன்வெஸ்ற்மென்ற்."

ற போட்டு அடித்தான். "இல்லையெண்டு காட்டுது. பொறுங்கோ, உதை நம்ப ஏலாது."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஓமடா தம்பி, நம்ப ஏலாது, மார்க்கண்டு அண்ணையின் சங்கதிதான் இது, ட போட்டு அடி என்று மனதுக்குள் சொன்னேன். அவன் ட போட்டு அடித்தான். இல்லை. ஒரு சின்ன எழுத்து என் பதினாலு லட்சத்தைக் காப்பாற்றும் என்று, படித்த மனிசன் நான், பேப்பருக்குப் பின்னால் இருந்து நேர்ந்துகொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் அடித்தான். இல்லை. வடசுடர் என்று மட்டும் அடித்தான். இல்லை.

தாம்போதி முடிந்து பஸ் வேலணைக்குள் ஏறியது. சசிகரன் தொண்டையைச் செருமினான்.

"வங்களாவடி வாங்கோ, வங்களாவடி. அக்கா, உங்கடை வடசுடரிலை காப்பு இல்லை."

மேரிசுகந்தி காசுப் பையை இன்னும் இறுக்கினாள். பிறகு சன்னமாகக் கேட்டாள். "நாலும் இல்லையோ தம்பி?"

"நாலு மாதிரியும் அடிச்சுப் பாத்திட்டன் அக்கா. ஒண்டும் இல்லை. வெறுங்கை."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "மாதாவே" என்று மட்டும் சொன்னாள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், என் சமயத்தில் வேறு பெயர்.

பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்தில் பஸ் நிற்குமுன்னமே அவள் இறங்கி ஓடினாள். எனக்குப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள், முக்கோணவியல் படிப்பிக்க வேண்டிய நாள். அதெல்லாம் யாருக்கு நினைவு? நானும் அவளுக்குப் பின்னால் போனேன். ஓடவில்லை, பிரதி அதிபர்கள் ஓடுவதில்லை. வேகமாக நடந்தேன்.

பஸ்ஸில் பிறகு நடந்ததை இலட்சுமிப்பிள்ளை அக்கா சொல்லித்தான் தெரியும். அவ சசிகரனைப் பிடித்து, "தம்பி, அவ காசைக் கேக்கேல்லை. கைக்காப்பை எல்லோ கேட்டவ! அடைவு வைச்ச காப்பு! மீட்கப் போற மனுசிக்கு நீர் இல்லையெண்டு சொல்லிப்போட்டீர்" என்றாவாம். சசிகரனின் முகத்தில் ஈயாடவில்லையாம். காசுப் பையைக் கழற்றிச் சாரதி றொமேஷின் மடியில் போட்டுவிட்டு, பஸ் திரும்பப் போகிற நேரத்தையும் பார்க்காமல் ஓடிவிட்டான்.

வடசுடர் ஒரு மாடியில் இருக்கிறது. நான் மூச்சு வாங்கப் படி ஏறி உள்ளே போனபோது, மேரிசுகந்தியின் சத்தம் மட்டும்தான் அந்தக் கந்தோரில் கேட்டது. முகாமையாளர் பிரசாந்தன் என்று ஒரு பொடியன், கழுத்துப்பட்டி கட்டி, தலைமயிர் வழித்து வாரி, நல்ல வடிவாக நின்றான்.

"என்ரை காப்பு எங்கை?"

"இருக்கு அம்மா. ஏன் சத்தம் போடுறீங்கள்?"

"இல்லையெண்டு போனிலை கிடக்கு! பஸ் முழுக்கத் தெரியும்! நீர் இருக்கு எண்டிறீர்!"

அவன் கதைத்துப் பார்த்தான். பலிக்கவில்லை. உள்ளே போய் முத்திரை வைத்த பொதி ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னாலேயே வெட்டினான். நாலு காப்பும் மேசையில் விழுந்து உருண்டன. மேரிசுகந்தி ஒவ்வொன்றாக எடுத்து, உள்பக்கம் பார்த்து, தன்னுடையதுதான் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டாள். பிறகு காசைக் கொட்டிக் கொடுத்து, அடைவுத் துண்டைக் கிழித்து, நாலையும் கையில் போட்டுக்கொண்டாள். அப்படி ஒரு நிம்மதியை ஒரு முகத்தில் நான் பார்த்து எவ்வளவோ காலம்.

அந்த நேரம் பார்த்துச் சசிகரன் வந்து சேர்ந்தான். நெஞ்சு மேலும் கீழும் போகிறது.

"அக்கா, என்னை மன்னியுங்கோ. நான் சொன்னது உங்கடை கைக்காப்பை இல்லை. என்ரை போனிலை உது தெரியாது. காசு போட்டால் காப்புறுதி இருக்கோ எண்டதைத்தான் நான்..."

மேரிசுகந்தி கையை உயர்த்திக் காப்பைக் குலுக்கிக் காட்டினாள். "இருக்குத் தம்பி, இருக்கு. ஏன் உப்பிடி ஓடி வந்தனீர்? பஸ் என்ன பாடு?" காத்திருந்த நாலைந்து சனமும் சிரித்தது. சசிகரனும் சிரித்தான். சிரித்தபடி திரும்பியவன், மூலையில் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டான்.

"சேர்? நீங்கள் ஏன் இஞ்சை?"

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அவன் என் கையில் இருந்த கடுதாசியைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவன் குரலைத் தாழ்த்தி, என் காதுக்குக் கிட்ட வந்து கேட்டான்.

"எவ்வளவு சேர்?"

சொன்னேன். "இண்டைக்கே எடுங்கோ" என்றான்.

பிரசாந்தனிடம் சான்றிதழைக் கொடுத்தேன். அவன் மிகவும் மரியாதையாகத்தான் பேசினான். முதிர்வுத் திகதி வரவில்லை, விண்ணப்பம் ஒன்று எழுதித் தாருங்கள், தலைமைக் கந்தோருக்கு அனுப்பி மூன்று மாதத்துக்குள் பார்க்கலாம், நாங்கள் முறைப்படி பதிந்த கொம்பனி சேர் என்று சுவரைக் காட்டினான். கண்ணாடிச் சட்டத்துக்குள் பதிவுச் சான்றிதழ் தொங்கியது.

"அது கொம்பனி பதிஞ்ச கடுதாசி" என்றான் சசிகரன். "சேரின்ரை ரியூசன் வகுப்பையும் அப்பிடிப் பதியலாம். சனத்திட்டை வைப்பு வாங்க அனுமதி தந்த கடுதாசி எங்கை?"

பிரசாந்தன் அது தலைமைக் கந்தோரில் இருக்கிறது என்றான். நான் என்ன செய்யப் போனேன் தெரியுமா? சரி தம்பி, விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று பேனையைத் தேடினேன். மரியாதையாகப் பேசுகிறவனோடு மரியாதைக்குறைவாகப் பேச எனக்கு இந்த வயதுவரை யாரும் பழக்கவில்லை. சசிகரன் தன் சட்டைப்பையில் இருந்து ஒரு பேனையைத் தந்தான். எழுதவில்லை. தெரிந்துதான் தந்தான், இப்போதும் எனக்கு அதில் சந்தேகமில்லை.

மேரிசுகந்தி போக எழுந்தவள், நின்றாள்.

"ஐயா என்ன வைச்சவர்?"

"காசு அக்கா" என்றான் சசிகரன்.

"அப்ப காட்டுங்கோவன்." பிரசாந்தனைப் பார்த்துத்தான் சொன்னாள். "என்ரையைப் பெட்டியிலை இருந்து எடுத்துக் காட்டினனீங்கள்தானே. ஐயாவின்ரையையும் எடுத்துக் காட்டுங்கோ. பாத்திட்டுப் போறம்."

"அம்மா, காசை அப்பிடி வைக்கிறேல்லை."

"அப்ப எங்கை வைக்கிறது?"

பகிடிக்குக் கேட்கவில்லை, குத்தவும் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. நெடுந்தீவில் ஒருவரிடம் ஒரு பொருளை வைத்தால், கேட்கும்போது காட்டுவார்கள். பிரசாந்தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான். முப்பத்தொரு வருஷம் வட்டி படிப்பித்த எனக்கும் அந்தக் கேள்வி ஒருநாளும் வரவில்லை. காத்திருந்தவர்களில் ஒரு ஆள் எழும்பி, "எங்கடையையும் ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றார். இன்னொருவரும் எழும்பினார்.

மேரிசுகந்தி திரும்பவும் கதிரையில் இருந்தாள். "ஐயாவுக்குக் காட்டுமட்டும் நான் போகேல்லை" என்றாள். பிரசாந்தன் உள்ளே போய் யாரோடோ போனில் கதைத்தான். நேரம் போகப் போக வேறு சனமும் வந்து சேர்ந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் அவள் தன் காப்பைக் காட்டி, தனக்குக் காட்டினார்கள், ஐயாவுக்குக் காட்டுகிறார்கள் இல்லை என்று முதலில் இருந்து விளக்கம் சொன்னாள். ஒரு மணிக்கு எனக்கு ஐந்து லட்சம் காசாகவும், மிச்சத்துக்கு இரண்டு காசோலையும் தந்தார்கள். எங்களை அங்கிருந்து கிளப்பினால் போதும் என்று அவர்களுக்கு இருந்தது.

முதல் காசோலை மாறியது. மற்றது திரும்பி வந்தது. ஒன்பது லட்சம் கைக்கு வந்தது, ஐந்து லட்சம் போனது, அந்த மாடி இப்போது பூட்டு. அன்று அவள் அங்கே இருந்திராவிட்டால் பதினாலும் போயிருக்கும். மூன்று மாதம் பொறுக்கச் சொன்னபோது சரி என்று சொல்லப் போனவன் நான்.

பின்னேரம் இரண்டரை பஸ்ஸில் மூன்று பேரும் திரும்பினோம். காலையில் றொமேஷ் கொண்டக்டர் இல்லாமலே பஸ்ஸைக் கொண்டுபோய் வந்திருந்தான். முதலாளி போனில் ஏசி, சசிகரனுக்கு இரண்டு நாள் சம்பளம் இல்லை என்றுவிட்டார். அதை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் சேர் என்றான். பிறகு, கொஞ்சம் யோசித்து, ஒருநாள் சம்பளம் தாருங்கள், மற்ற நாள் நான் அக்காவுக்குப் பிழையாகச் சொன்னதுக்குத் தண்டம் என்றான். மேரிசுகந்தி யன்னலோரமாக இருந்து நித்திரை கொண்டாள், நாலு காப்பும் பஸ் குலுங்கக் குலுங்கச் சத்தம் போட்டன. சசிகரன் ரிக்கற் கிழித்தபடி அந்தக் கைகளை இரண்டு மூன்று தரம் பார்த்தான். பவதாரணியை நினைத்திருப்பான். நான் கேட்கவில்லை.

மண்கும்பான் தாண்டியதும் அவனைக் கூப்பிட்டேன்.

"சசி, இரண்டு வருஷமா நான் இந்தப் பஸ்ஸிலை வாறன். என்னட்டை ஒரு சொல்லு, சேர் உங்கடையையும் பாப்பமோ எண்டு நீர் கேட்டிருக்கலாம்தானே?"

எனக்குக் கோபம். அவனோடு அல்ல. ஆனால் அவனிடம்தான் காட்டினேன், வேறு யாரிடம் காட்டுவது?

அவன் மிச்சக் காசை எண்ணிக்கொண்டே சொன்னான். "நீங்கள் பேர் சொல்லேல்லையே சேர். பேர் சொன்னால்தானே பாக்கலாம்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரியாவிட்டால் கை உயர்த்திக் கேளுங்கள், வெட்கப்படுகிறவன் படிக்க மாட்டான் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லித் திரிந்தவனுக்கு, அந்தப் பதில் கன்னத்தில் அறைந்தது போலத்தான் இருந்தது.

பிறகு எழுந்து நின்றேன். "மனுசியின்ரை பேரிலையும் ஒண்டு கிடக்கு, வேறை இடத்திலை. அதைப் பாரும்."

"இருங்கோ சேர்" என்றான் அவசரமாக. சுற்றிப் பார்த்துவிட்டு, "காதுக்குள்ளை சொன்னாலும் காணும்" என்றான்.

நான் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்சீற்றுக்கும் கேட்கிற மாதிரி, அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எங்கே ற, எங்கே ட என்பதையும் சொன்னேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.